ரத்தத்தில் வைத்த எலிப்பொறிகள்

ஆட்டுக்கறி முற்றலாக வாய்த்துவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காயை நறுக்கிக் கறியோடு போடுவது பல வீடுகளில் பழக்கம். காயின் பாலில் உள்ள பப்பேன், கறியின் நார்களை அங்கங்கே வெட்டிவிடுகிறது. அதனால்தான் கறி சீக்கிரம் வேகிறது. கறி பெரும்பாலும் புரதம். பப்பேனும் ஒரு புரதம்தான், ஆனால் மற்றப் புரதங்களை வெட்டுவதே அதன் தொழில். வேதிவினைகளை விரைவாக நடத்திக்கொடுக்கும் புரதத்தை நொதி என்கிறோம். புரதத்தை வெட்டும் நொதிக்கு புரோட்டியேஸ் என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதைச் சுருக்கமாகக் 'கத்தரி' என்றே சொல்லலாம்.

இதே மாதிரிக் கத்தரிகள் நம் ரத்தத்திலும் இருக்கின்றன. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் கரைந்திருக்கிறது. வெட்டுவதற்கு இவ்வளவு புரதம் இருந்தும், பப்பாளிக்காய் பட்ட கறி மாதிரி ரத்தம் குழைந்துபோவதில்லை. "உடம்பில் தடுப்பான்கள் இருக்கின்றன" என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். பதில் சரிதான். ஆனால் தடுப்பான் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது பாட்டில் மூடி அல்லது குழாய் அடைப்பான். குழப்பம் தொடங்குவது அங்கேதான். "ஹெபாரின் (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து) ரத்தக்கட்டியைக் கரைக்கும்", "நொதி மாத்திரை ரத்தத்தில் ஓடி வீக்கத்தைத் தின்றுவிடும்" போன்ற பேச்சுகள் எல்லாம் இந்தத் தவறான படத்திலிருந்து கிளைத்தவை.

ரத்தத்தில் இருக்கும் முக்கியமான தடுப்பான்கள் மூடிகள் அல்ல, எலிப்பொறிகள். கத்தரி வந்து இரையைக் கடித்தால்தான் அவை இயங்கும்.

## ரத்தத்துக்குள் என்னென்ன கத்தரிகள்

எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டியதில்லை, நான்கு போதும். ரத்தம் உறைவதற்கு ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை வெட்டி நூலாக்குவது த்ராம்பின். உறைந்த கட்டியைப் பிறகு அரித்துக் கரைப்பது பிளாஸ்மின். கிருமிகளோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தன் பைகளில் வைத்திருப்பது எலாஸ்டேஸ். நுரையீரலை விரிந்து சுருங்க வைக்கும் மீள்நாரையும் அது வெட்டும். நான்காவது காலிகிரீன். ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும் பிராடிகைனின் என்ற சிறு துண்டை வெட்டி விடுவிப்பது இது.

இவற்றில் பல, உறைக்குள் செருகிய கத்தியாகத்தான் ரத்தத்தில் சுற்றுகின்றன. த்ராம்பின் தன் முன்வடிவமான புரோத்ராம்பினாகவும், பிளாஸ்மின் பிளாஸ்மினோஜெனாகவும் காத்திருக்கும். காயம் பட்ட இடத்தில்தான் உறை கழலும். ஆனால் கழன்ற கத்தி மறுபடி உறைக்குள் போகாது, ஏனென்றால் உறையைக் கழற்றுவதும் ஒரு வெட்டுதான். ஆகவே வேலை முடிந்த கத்தரியைப் பிடிக்க வேறொரு ஏற்பாடு வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு உடல் செய்யும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. பிளாஸ்மாப் புரதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கத்தரி பிடிக்கும் பொறிகளே.

## ஒரு வெட்டு எப்படி நடக்கிறது

பொறி புரிய வேண்டுமானால் முதலில் வெட்டு புரிய வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. மேலே சொன்ன நான்கு கத்தரிகளின் கூர்முனையிலும் செரின் என்ற ஒரு மணி இருக்கிறது. அதனால் இவற்றை செரின் புரோட்டியேஸ் என்கிறார்கள்.

இவை ஒரே 'டக்'கில் வெட்டுவதில்லை. வெட்டு இரண்டு கட்டமாக நடக்கிறது. பலாப்பழம் அரிந்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். கத்தி உள்ளே போனதும் பழம் பிளந்துவிடும், ஆனால் பால் கையோடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் தொட்டால்தான் விடும். கத்தரியும் இப்படித்தான். முதல் கட்டத்தில் மாலை அறுகிறது. ஒரு பாதி விலகிப் போகிறது. மறுபாதி கத்தரியின் செரினோடு உண்மையான வேதிப் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் கட்டத்தில் ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வந்து அந்த ஒட்டை அவிழ்க்கிறது. கத்தரி விடுபட்டு அடுத்த வெட்டுக்குத் தயாராகிறது. சாதாரணமாக இரண்டு கட்டமும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பாதி மாலை கையில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு இடைவேளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொறி அடிப்பது அந்த நேரத்தில்தான்.

## மூடி மாதிரியான தடுப்பானும் உண்டு

சோயாவைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதற்கு ஒரு காரணம், அதில் குடலின் ட்ரிப்சின் என்ற கத்தரியை அடைக்கும் தடுப்பான் இருப்பது. வேகவைத்தால் அது பெரும்பாலும் செயலிழக்கும். இந்தத் தடுப்பான் உண்மையிலேயே மூடி வகை: கத்தரியின் வாய்க்குள் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். மிக இறுக்கமான பொருத்தம்தான். ஆனாலும் கத்தரி உருக்குலைவதில்லை. மூடி கழன்றால் மறுபடி வெட்டும்.

குடலில் இது போதும். ரத்தம் உடம்பு முழுக்கச் சுற்றுவது. கழுத்தில் மாட்டிய மூடி காலில் கழன்றால் என்ன ஆகும்? அதனால் பாலூட்டிகளின் ரத்தம் பெரும்பாலும் மீளவே முடியாத பிடியை நம்பியிருக்கிறது. அந்தப் பிடி இரண்டு வகை. எலிப்பொறியிலும் இரண்டு வகை உண்டல்லவா, கம்பிச்சுருள் அடிக்கும் அடிபொறி, கதவு விழும் கூண்டுப்பொறி? அதே இரண்டும்தான் இங்கேயும்.

இதுவரை பார்த்தது: கத்தரி இரண்டு கட்டமாக வெட்டுகிறது. நடுவில் வெட்டிய துண்டு அதன் கையிலேயே ஒட்டியிருக்கிறது. மூடி வகைத் தடுப்பான் வாயை அடைக்கும், கத்தரியைக் குலைக்காது. ரத்தத்தில் முக்கியமானவை பொறி வகைகள்.

## அடிபொறி: செர்பின்

அடிபொறி வகைப் புரதங்களுக்கு செர்பின் என்று பெயர். செரின் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் என்ற சொற்றொடரைச் சுருக்கி 1985-ல் வைத்த பெயர் இது. மனிதரிடம் முப்பதுக்கு மேற்பட்ட செர்பின்கள் உண்டு. முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின்கூட இந்தக் குடும்பம்தான். ஆனால் அது பொறிவைக்கும் தொழிலை விட்டுவிட்ட உறவினர், கத்தரி எதையும் பிடிப்பதில்லை.

ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் செர்பின், ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். கல்லீரல் இதை நாளுக்குச் சுமார் 2 கிராம் தயாரிக்கிறது. பெயரில் ட்ரிப்சின் இருந்தாலும், உடம்பில் இதன் உண்மையான எதிரி வெள்ளணுவின் எலாஸ்டேஸ்தான். சோதனைக் குழாயில் முதலில் ட்ரிப்சினோடு பார்த்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதன் உடல் 394 மணிகள் கொண்ட உருண்டை. உருண்டையின் நடுவில், விரல்களை அடுக்கி வைத்த மாதிரி சில பட்டைகள் பக்கம் பக்கமாக நிற்கும் ஒரு தகடு. உருண்டையின் உச்சியில் சுமார் 20 மணி நீளத்துக்கு ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் பொறியில் வைத்த கருவாடு. அந்த வளையத்தில் 358-ஆவது மணி மெத்தியோனின், 359-ஆவது செரின். எலாஸ்டேஸ் விரும்பிக் கடிக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

நடப்பது இதுதான். எலாஸ்டேஸ் வந்து வளையத்தைக் கடிக்கிறது. மாலை அறுகிறது. வெட்டுண்ட முனை, மேலே பார்த்தபடி, எலாஸ்டேஸின் செரினோடு ஒட்டிக்கொள்கிறது. வளையத்தின் மறுமுனை செர்பினின் உடம்போடு இன்னும் இணைந்தே இருக்கிறது. இப்போது வளையத்தை இழுத்துப் பிடித்திருந்த விசை போய்விட்டது. தகட்டில் இரண்டு பட்டைகளுக்கு நடுவே இடம் பிளக்கிறது. அறுபட்ட வளையம் 'சடக்'கென்று மடிந்து அந்த இடைவெளிக்குள் புது விரலாகச் செருகிக்கொள்கிறது. அதன் நுனியில் ஒட்டியிருக்கும் எலாஸ்டேஸும் கூடவே இழுபடுகிறது. உருண்டையின் வட துருவத்தில் கடித்த கத்தரி, தென் துருவத்தில் போய் மோதுகிறது.

இந்தப் பயணம் சுமார் 7 நானோமீட்டர். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 7 பங்கு. சின்னதாகத் தெரியலாம், ஆனால் கத்தரியின் சொந்த அகலத்தைவிட அது அதிகம். மோதிய வேகத்தில் கத்தரியின் கூர்முனை நெளிந்துபோகிறது. ஒட்டை அவிழ்க்க வேண்டிய நீர் மூலக்கூறு வந்தாலும், அதை வேலை செய்ய வைக்கும் அமைப்பு கலைந்துவிட்டது. பலாப்பால் கையிலேயே உறைந்துவிட்டது. ஆன்டிட்ரிப்சினும் ட்ரிப்சினும் பின்னிக் கிடக்கும் படிக அமைப்பை ஜேம்ஸ் ஹன்டிங்டன், ரேண்டி ரீட், ராபின் கேரல் மூவரும் 2000-ல் வெளியிட்டார்கள். அதில் ட்ரிப்சினின் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒழுங்கான வடிவமே இல்லாமல் குலைந்து கிடந்தது.

பொறியை அடிக்கும் கம்பிச்சுருளின் விசை எங்கிருந்து வருகிறது? செர்பின் பிறக்கும்போதே வசதியில்லாத, விறைத்த நிலையில்தான் மடிக்கப்படுகிறது. ஆன்டிட்ரிப்சினைச் சூடாக்கினால் சுமார் 60 டிகிரி செல்சியஸில் குலையும். வளையம் உள்ளே போய்ச் செருகிக்கொண்ட பிறகு 100 டிகிரிக்கும் அசையாது. இரண்டு நிலைகளுக்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் சுருளில் ஏற்றி வைத்த விசை.

விலை என்னவென்றால், ஒரு பொறி ஒரு எலிக்குத்தான். அடித்த பொறியை மறுபடி நிமிர்த்த முடியாது. ஒரு கத்தரியோடு ஒரு செர்பினும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது. கல்லீரல் ஓயாமல் தயாரிப்பது இதனால்தான்.

## ஓட்டப்பந்தயம், அதில் தோற்றால்

இது ஒரு பந்தயம். கத்தரி தன் இரண்டாம் கட்டத்தை முடித்து நழுவிவிடுவதற்குள் வளையம் உள்ளே செருகிவிட வேண்டும். வளையம் சற்றுத் தாமதித்தாலும் கருவாடு போச்சு, எலியும் போச்சு: செர்பின் வீணாக அறுபட்டுக் கிடக்கும், கத்தரி தன் வழியே போகும். சரியான கத்தரியிடம் ஆன்டிட்ரிப்சின் பெரும்பாலும் வெல்கிறது. பொருந்தாத கத்தரியிடம் பல செர்பின்கள் வீணான பிறகே ஒன்று பிடிபடும்.

பந்தயத்தில் கலந்துகொள்ளாமலே பொறியைக் கெடுப்பவையும் உண்டு. சில கத்தரிகள் செரினுக்குப் பதிலாகத் துத்தநாக அயனியைக் கொண்டு வெட்டுகின்றன. இவற்றுக்கு உலோக புரோட்டியேஸ் என்று பெயர். துண்டைக் கையில் ஒட்டவிடாமல் நீரை நேராகப் பாய்ச்சியே வெட்டும். எனவே இவை வளையத்தை அறுத்தால், எலியில்லாமல் பொறி மட்டும் அடித்து ஓய்ந்துவிடும், தூரத்தில் நின்று குச்சியால் தட்டிவிட்ட மாதிரி. சில பாம்பு விஷங்களில் இருக்கும் உலோக புரோட்டியேஸ்கள் ஆன்டிட்ரிப்சினை இப்படித்தான் செயலிழக்கச் செய்கின்றன.

எந்த எலி வரும் என்பதைக் கருவாடுதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஒரு சிறுவனுக்கு ஆன்டிட்ரிப்சினின் 358-ஆவது மணி மெத்தியோனினுக்குப் பதில் அர்ஜினினாக இருந்தது. மாறியது ஒரே ஒரு மணி. அர்ஜினின், த்ராம்பினுக்குப் பிடித்த இரை. எலாஸ்டேஸைப் பிடிக்க வேண்டிய பொறி த்ராம்பினைப் பிடிக்கத் தொடங்கியது. அடிபட்டாலோ காய்ச்சல் வந்தாலோ கல்லீரல் ஆன்டிட்ரிப்சின் தயாரிப்பைக் கூட்டும். அதாவது ரத்தம் உறைந்தே ஆக வேண்டிய நேரம் பார்த்து, உறைதலைத் தடுக்கும் பொறிகள் பெருகின. 14 வயதில் ரத்தப்போக்கால் அந்தச் சிறுவன் இறந்தான். காரணம் 1983-ல் வெளியானது. செர்பின் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு கொடுமையாகவும் தெளிவாகவும் காட்டிய வேறு நோய் இல்லை.

## ஹெபாரின் கட்டியைக் கரைப்பதில்லை

த்ராம்பினைப் பிடிக்க ரத்தத்தில் தனியாக ஒரு செர்பின் இருக்கிறது: ஆன்டித்ராம்பின். ஆனால் அது சும்மா இருக்கும்போது மெத்தனமான பொறி. அதன் வளையம் பாதி உள்ளே ஒடுங்கியே இருக்கும். ஹெபாரின் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி வந்து இடுப்பில் பற்றிக்கொண்டால்தான் வளையம் நிமிர்ந்து வெளியே வரும்.

பற்றுவதற்குக் குறிப்பிட்ட வரிசையில் 5 சர்க்கரை அலகுகள் போதும். உறைதல் காரணி பத்து-ஏ என்ற கத்தரியைப் பிடிக்க அந்த ஐந்தே போதுமானது. த்ராம்பினைப் பிடிப்பதற்குச் சங்கிலி இன்னும் நீளமாக, குறைந்தது 18 அலகுகள் இருக்க வேண்டும். ஒரு முனை ஆன்டித்ராம்பினைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் த்ராம்பின் ஏறி, கயிற்றில் சறுக்கி வருவதுபோல் பொறிக்கு வந்து சேரும். வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடும். பெரிய ஹெபாரினுக்கும், ஈனாக்சபாரின் போன்ற சிறு ஹெபாரின்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த நீளத்தில்தான். சிறியவை பெரும்பாலும் பத்து-ஏவை மட்டுமே குறிவைக்கும்.

ஆகவே ஹெபாரின் தானாக எதையும் தடுப்பதுமில்லை, கரைப்பதுமில்லை. இருக்கும் பொறியின் வேகத்தைக் கூட்டுகிறது, புதுக் கட்டி வளராமல் பார்த்துக்கொள்கிறது. பழைய கட்டியைக் கரைக்கும் வேலையை உடம்பின் பிளாஸ்மின் மெதுவாகச் செய்துகொள்ளும். ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் பச்சை மூடிக் குழாயில் ஹெபாரின் தடவியிருக்கும். அந்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருப்பதும், வந்த ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ராம்பினின் தயவால்தான்.

ஆன்டித்ராம்பின் குறைந்தவர்களிடம் ஹெபாரின் வழக்கமான அளவில் எடுபடாது. சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ராட்டிக் நோயில் இது நடக்கும். ஆன்டித்ராம்பின் சிறிய புரதம், பழுதான சிறுநீரக வடிகட்டி வழியே ஒழுகிவிடும். அந்த நோயாளிகளுக்குக் காலின் ரத்தக் குழாயில் கட்டி கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை: செர்பின் என்பது விசை ஏற்றிய அடிபொறி. கடித்த கத்தரியை இழுத்து மோதி நசுக்கும். வளையத்தில் உள்ள மணி எதைப் பிடிக்கும் என்பதை முடிவு செய்யும். ஹெபாரின் பொறியல்ல, பொறியை முடுக்கும் கை.

## கூண்டுப்பொறி: ஆல்பா-2 மேக்ரோகுளோபுலின்

அடிபொறி ஆள் பார்த்துப் பிடிக்கும். கூண்டுப்பொறி யார் வந்தாலும் பிடிக்கும். பெயரில் 'மேக்ரோ' என்று இருப்பதற்கேற்ப இது பெரிய உருப்படி: நான்கு சங்கிலிகள் சேர்ந்த புரதம், ஆன்டிட்ரிப்சினைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு எடை.

ஒவ்வொரு சங்கிலியின் நடுவிலும் ஒரு இரைப் பகுதி இருக்கிறது. செரின் கத்தரி, உலோகக் கத்தரி, பப்பேன் போன்ற கந்தகக் கத்தரி என எல்லாருக்கும் பிடித்த மணிகள் அதில் வரிசையாக இருக்கும். யாராவது கடித்தால் நான்கு சங்கிலிகளும் நெருங்கிக் கத்தரியைச் சுற்றி மூடிக்கொள்ளும். அதே நேரம் உள்ளே மறைந்திருக்கும் ஒரு வேதிக் கொக்கி வெளிப்பட்டு, கத்தரியின் உடம்பில் எங்காவது மாட்டிக்கொள்ளும். ஒரு கூண்டில் இரண்டு கத்தரி வரை அடைபடும்.

இதில் ஒரு வினோதம். கூண்டுக்குள் இருக்கும் எலி சாகவில்லை. கம்பி வழியாக உள்ளே போகும் அளவுக்குச் சின்னத் துண்டு கொடுத்தால் அதை வெட்டித் தின்னும். கூண்டுக்குள் நுழைய முடியாத பெரிய புரதத்தைத் தொடக்கூட முடியாது. கத்தரி 'தடுக்கப்பட்ட' பிறகும் சோதனையில் வெட்டிக்கொண்டே இருக்கிறதே என்று குழம்பியவர்களுக்கு, இது தடை அல்ல, கூண்டு என்ற விளக்கத்தை 1973-ல் ஆலன் பேரட்டும் ஃபிலிஸ் ஸ்டார்கியும் தந்தார்கள். (ஸ்டார்கி பிற்பாடு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார்.)

பெரிய உருவத்துக்கு ஒரு விளைவும் உண்டு. நெஃப்ராட்டிக் நோயில் மற்றவை ஒழுகும்போது இது மட்டும் ஒழுகாது. கல்லீரல் ஈடுகட்டுவதற்காகத் தயாரிப்பைக் கூட்டுவதால் ரத்தத்தில் இன்னும் அதிகமாகும். சீரம் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரிசிஸ் பட்டையில் ஆல்பா-2 என்ற இடம் குன்று மாதிரி உயர்ந்து நிற்பதைப் பார்த்தே அனுபவமுள்ளவர்கள் நோயை ஊகித்துவிடுவார்கள்.

## பிடித்த எலி எங்கே போகிறது

அடிபொறி, கூண்டுப்பொறி இரண்டுமே அடித்த பிறகு உருவம் மாறுகின்றன. மாறிய உருவத்தைக் கல்லீரல் செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் அடையாளம் கண்டு உள்ளே இழுத்துச் செரித்துவிடும். அடிக்காத ஆன்டிட்ரிப்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே நான்கைந்து நாள் ஆகும். கத்தரியோடு பூட்டிக்கொண்ட மேக்ரோகுளோபுலின் சில நிமிடங்களில் காணாமல் போய்விடும். அதனால் சாதாரண ரத்தப் பரிசோதனையில் நாம் அளப்பது பெரும்பாலும் காத்திருக்கும் பொறிகளைத்தான், பிடித்தவற்றை அல்ல.

## பொறி பழுதானால்

1963-க்கு முன் ஆன்டிட்ரிப்சின் குறைந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்வீடனின் மால்மோவில் கார்ல்-பெர்டில் லாரெல், சுமார் 1500 எலக்ட்ரோஃபோரிசிஸ் பட்டைகளைப் பார்த்தபோது ஐந்தில் மட்டும் ஆல்பா-1 கோடு இல்லாததைக் கவனித்தார். ஸ்டென் எரிக்சனோடு சேர்ந்து அந்த ஐவரைத் தேடிப்பிடித்தபோது மூவருக்கு நுரையீரல் காற்றறைகள் சிதைந்த எம்ஃபிசீமா இருந்தது. பொறி இல்லாத இடத்தில் எலாஸ்டேஸ் மீள்நாரைத் தின்றிருக்கிறது.

பெரும்பாலானவர்களிடம் இதற்குக் காரணம் இசட் என்ற மரபுமாற்றம். 342-ஆவது மணி குளூட்டமேட்டிலிருந்து லைசினாக மாறியிருக்கும். அந்த மணி வளையத்தின் அடிவாரத்தில் இருப்பது. அது மாறியதும் தகடு தானாகவே கொஞ்சம் பிளந்துகொள்ளும். பக்கத்திலிருக்கும் இன்னொரு ஆன்டிட்ரிப்சினின் வளையம் அந்தப் பிளவுக்குள் செருகிக்கொள்ளும். அதற்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று. எலியே இல்லாமல் பொறிகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிச் சங்கிலியாகிக் கல்லீரல் செல்லுக்குள்ளேயே குவியும். ஒரே பழுதால் கல்லீரலில் அடைசல், நுரையீரலில் பற்றாக்குறை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இசட் வாங்கியவருக்கு ரத்தத்தில் வழக்கமான அளவில் 10 முதல் 15 சதவீதமே இருக்கும். வட ஐரோப்பியரிடம் இது அதிகம், நம் பக்கம் அரிது.

புகையிலைப் புகை இதை இன்னும் கெடுக்கிறது. புகையின் ஆக்சிஜனேற்றிகள் 358-ஆவது மெத்தியோனினையே தாக்குகின்றன. கருவாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிய மாதிரி. ஆக்சிஜனேற்றம் ஏறிய ஆன்டிட்ரிப்சின், எலாஸ்டேஸைப் பிடிக்கும் வேகம் சுமார் 2000 மடங்கு குறைகிறது. பொறி இருக்கிறது, எலி மட்டும் கடிப்பதில்லை. அளவை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் இது தெரியவும் தெரியாது.

பரிசோதனையில் இன்னொரு வழுக்கல்: காய்ச்சலோ நிமோனியாவோ இருக்கும்போது ஆன்டிட்ரிப்சின் அளந்தால், கல்லீரல் முடுக்கிவிட்ட உற்பத்தியால் மிதமான குறைபாடு மறைந்துபோகும். கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி-யும் பார்ப்பது அதற்காகத்தான். குறைபாடு உறுதியானவர்களுக்கு, தானம் பெற்ற பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஆன்டிட்ரிப்சினை வாரம் ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் கணக்கில் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். இது நுரையீரலுக்குத்தான், கல்லீரலில் குவிந்ததை இது தொடாது.

வேறொரு செர்பினான சி1 தடுப்பான் குறைந்தால் முகம், கை, குடல், தொண்டை வீங்கும் பரம்பரை நோய் வரும். காலிகிரீனைப் பிடிக்க ஆளில்லாமல் பிராடிகைனின் பெருகுவதே காரணம். ஒவ்வாமை வீக்கம் மாதிரியே தெரியும், ஆனால் அரிப்போ தடிப்போ இருக்காது. ஒவ்வாமைக்குப் போடும் ஏவில், ஸ்டீராய்டு, அட்ரினலின் எதுவும் சரியாகக் கேட்காது, ஏனென்றால் அவை தொடும் வழியே வேறு. ரத்தத்தில் சி4 என்ற புரதம் குறைவாக இருப்பது முதல் துப்பு. இவர்களுக்கு ராமிப்ரில், எனாலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகாது. பிராடிகைனின் சிதைவதை அவை மெதுவாக்கும்.

## குடுவையிலும் மாத்திரையிலும்

பொறிகளின் பலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் செல் வளர்க்கும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். குடுவையின் அடியில் ஒட்டி வளர்ந்த செல்களைக் கிளப்ப 0.25 சதவீத ட்ரிப்சின் கரைசலை 2 அல்லது 3 மில்லிலிட்டர் ஊற்றி, 37 டிகிரியில் சில நிமிடம் வைப்பார்கள். செல்கள் உருண்டு மிதக்கத் தொடங்கியதும் ட்ரிப்சினை நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் செல்லின் மேற்புறத்தையே தின்றுவிடும். நிறுத்துவதற்குத் தனி மருந்து தேவையில்லை. 10 சதவீதம் கன்றுக்குட்டிச் சீரம் கலந்த வளர்ப்பு நீரை ஊற்றினால் போதும். மாட்டு ரத்தத்தின் ஆன்டிட்ரிப்சினும் மேக்ரோகுளோபுலினும் வேலையை முடித்துவிடும்.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் சறுக்கும் இடமும் இதுவே. பழைய வளர்ப்பு நீரை வடித்துவிட்டு, கால்சியம் மக்னீசியம் இல்லாத உப்புக் கரைசலால் இரண்டு முறை அலசாமல் நேரே ட்ரிப்சினை ஊற்றிவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் அப்படியே தரையில் விரிந்து கிடக்கும். ட்ரிப்சின் பழசாகிவிட்டது என்று நினைப்பார்கள். குடுவையின் சுவரில் ஒட்டியிருந்த கொஞ்சம் சீரமே அதைப் பிடித்துப் போட்டிருக்கும்.

கட்டி கரைக்கும் உண்மையான மருந்துகளைச் செய்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே செய்தார்கள். மாரடைப்புக்கு 15 லட்சம் யூனிட் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், பிளாஸ்மினோடு சேர்ந்து ஒரு ஜோடியாகிறது. பிளாஸ்மினைப் பிடிக்கும் செர்பின் அந்த ஜோடியைத் தொட முடியாது. டெனெக்டிப்ளேஸ் என்ற பின்னாளைய மருந்தில், தன்னைப் பிடிக்க வரும் செர்பினின் பிடி வழுக்கும்படி நான்கு மணிகளை மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது வீக்கத்துக்கு என்று எழுதிக்கொடுக்கும் நொதி மாத்திரையைப் பார்ப்போம். கடைகளில் கிடைக்கும் ஒரு வகையில் 48 மில்லிகிராம் ட்ரிப்சின் இருக்கிறது. குடலில் செரிக்காமல் அது முழுக்க ரத்தத்துக்கு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம், அப்படி வருவதில்லை என்றாலும். ட்ரிப்சினைவிட ஆன்டிட்ரிப்சின் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான எடை. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 48 மில்லிகிராமைப் பிடிக்கச் சுமார் 105 மில்லிகிராம் ஆன்டிட்ரிப்சின் வேண்டும். ஒருவர் உடம்பில் சுமார் 3 லிட்டர் பிளாஸ்மா. அதில் ஆன்டிட்ரிப்சின் மட்டும் ஏறக்குறைய 4 கிராம். செலவானது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை, கூண்டுப்பொறிகளை இன்னும் எண்ணவே இல்லை. மாத்திரையால் வீக்கம் வற்றுகிறதா என்பது சோதனைகள் தீர்க்க வேண்டிய கேள்வி. செராஷியோபெப்டிடேஸ் என்ற இன்னொரு நொதி மாத்திரை, ஜப்பானில் நடந்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யாததால் 2011-ல் அங்கே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் "நொதி ரத்தத்தில் சுதந்திரமாக ஓடி வெட்டுகிறது" என்ற விளக்கம் மட்டும் இந்தக் கணக்கைத் தாண்டாது.